அழுவது பதில் ஆகாது

மூன்று வருஷம் என் தங்கை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடந்த வாதத்தில் ஜெயித்தவன் நான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல், அப்புறம் அவள் புருஷன் மேல், அதற்கும் அப்புறம் "நீங்க சொல்றதுல என்ன சார் தப்பு இருக்கு" என்று என்னைத் தட்டிக்கொடுத்த அத்தனை பேர் மேலும்.

நான் கணக்கு வாத்தியார். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக வேலை. கூடவே யாரும் கேட்காமல் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்ட இன்னொரு வேலை, பிள்ளைகளை விவாதப் போட்டிகளுக்குத் தயார் செய்வது. தமிழ் வாத்தியார்கள் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். நான் அதைக் கேலி செய்வேன். குரல் வேண்டாம், காரணம் போதும் என்பேன். எதிராளி ஒன்று சொன்னால் ஏன் என்று கேள். அவர் சொல்லும் காரணத்துக்கும் ஏன் கேள். மூன்றாவது ஏனில் ஆள் தடுமாறுவார். கோபப்பட்டால் அவர் தோற்றார். அழுதுவிட்டால் சந்தேகமே இல்லை. "அழுவது பதில் ஆகாது" என்று கரும்பலகையின் மூலையில் எழுதிப் போட்டு, அழிக்கக் கூடாது என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லிவைத்திருந்தேன். என் பிள்ளைகள் கோப்பை கோப்பையாக வாங்கிவந்தார்கள். தலைமையாசிரியர் அறை அலமாரியில் இன்னும் இருக்கின்றன.

எனக்கு வீடு குரும்பகரம். தங்கையைக் கொடுத்தது பேரளத்துக்குப் பக்கத்தில். பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்து அசருவதற்குள் இறங்க வேண்டியதுதான். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. இரண்டு பக்கமும் அதே நெல், அதே ஆற்றுத் தண்ணீர், அதே பேச்சு. மாறுவது போலீஸ்காரர் தொப்பியின் நிறமும் மதுக்கடைகளும்தான். எல்லைப் பலகையைத் தாண்டி எங்கள் பக்கம் நுழைந்ததும் கடை வந்துவிடும், விலையும் மலிவு. இங்கே வாங்கிய பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். வயிற்றுக்குள் கொண்டுபோனால் பிடிக்க மாட்டார்கள். அதனால் பாட்டில் அங்கே போவதில்லை, ஆள் இங்கே வருகிறார்.

இதிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை முளைத்துவிட்டது. எல்லைக்கு அந்தப்புறம் பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை பண்டிகைக்கு வந்தால், இலையில் என்ன பரிமாறினோம் என்பதெல்லாம் அப்புறம். "மாப்பிள்ளயக் கவனிச்சீங்களா?" என்று கேட்பார்கள். கவனிப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க மாட்டார்கள், யாருக்கும் விளக்கம் தேவையும் இல்லை. கவனிக்காமல் அனுப்பிவிட்டால் பெண்ணுக்கு அங்கே மதிப்பு இருக்காது என்று நம்பினோம். பெண்ணுக்கு! அவளுக்காகத்தானாம் பாட்டில்.

நான் ஒரு சொட்டுக் குடிக்காதவன். ஆனால் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தபோது நானே போய் வாங்கி, துணிப்பையில் சுற்றி, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். கொல்லையில் மாட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. மாடு போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, உரமூட்டையும் மருந்தடிக்கும் டப்பாவும்தான் கிடக்கும். அதைக் கூட்டி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டேன். என் மனைவி கருக்களாச்சேரியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் நல்ல வஞ்சிரமாகச் சொல்லிவைத்து வறுத்துக் கொடுத்தாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். "நீங்க தொடமாட்டீங்க, இருந்தாலும் எனக்காகச் செய்யிறீங்க பாருங்க மச்சான், அங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்றார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பரந்த மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் இப்படியே போயிற்று. ஓர் ஆடிப்பெருக்குக்கு வந்திருந்தபோது, தங்கை சமையலறையில் சித்திரான்னம் கிளறிக்கொண்டே, முகத்தை என் பக்கம் திருப்பாமல் சொன்னாள்.

"அண்ணே, இனிமே அவருக்கு வாங்கி வைக்காதண்ணே."

அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. கல்யாணத்துக்கு என்ன புடவை வேண்டும் என்றதற்குக்கூட "ஒனக்குப் புடிச்சத எடுண்ணே" என்றவள். அவள் கேட்ட ஒன்றே ஒன்று இதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் "ஏன்?" என்றேன்.

"அங்கயும் குடிக்கிறாருண்ணே. இப்பெல்லாம் தெனம்."

"நான் வாங்கி வைக்கலன்னா நிறுத்திடுவாரா?"

"நிறுத்தமாட்டாரு."

"அப்ப இங்க வந்தாலும் ரோட்டுக் கடைக்குப் போவாரு. போவாரா மாட்டாரா?"

"போவாரு."

"குடிச்சுட்டு அதே வண்டியில ஒன்னையும் புள்ளையையும் பின்னாடி ஒக்கார வச்சு ஓட்டிக்கிட்டுப் போவாரு. இங்கன்னா குடிச்சுட்டு நம்ம வீட்லயே படுத்துத் தூங்கி எழுந்திரிச்சுப் போறாரு. எது பத்திரம்? நீயே சொல்லு."

அவள் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டி வைத்தாள். "நீ சொல்றது சரிதாண்ணே" என்றாள். நான் திருப்தியாகக் கொல்லைப் பக்கம் போனேன். என் மனைவி அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"வேணாம்னு ஒரு பொண்ணு வந்து சொல்லுது. செய்யமாட்டேன்னு சொல்லிட்டாப் போச்சு. அதப் போயி ஏன் எதுக்குன்னு நிக்க வச்சுக் கேக்குறீங்களே" என்றாள்.

"காரணம் கேக்குறது தப்பா?"

அவள் பதில் சொல்லாமல் மீன் தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். அதையும் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வாயடைத்தவர்களையெல்லாம் ஒத்துக்கொண்டவர்களாக எண்ணுவது எனக்கு அவ்வளவு பழகியிருந்தது.

என் தர்க்கத்தில் இன்றைக்கும் ஓட்டை கிடையாது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. அவர் என் வீட்டில் குடித்தார், என் வீட்டில் தூங்கினார், விடிந்ததும் தெளிவாக வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கீறல் இல்லை. பள்ளியில் சக ஆசிரியர்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கெடுதலைக் குறைக்கும் வழி என்று பாராட்டினார் ஒருவர். எங்களில் ஒருவர்கூட, அந்தப் பெண் என்னதான் கேட்டாள் என்று யோசிக்கவில்லை.

அடுத்து வந்த காணும் பொங்கலன்று அது நடந்தது. கொட்டகையில் வழக்கம்போல மேசை போட்டாயிற்று. மாப்பிள்ளையோடு அவர் ஊர்க்காரர் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். தங்கை கொல்லைக் கதவைத் தாண்டி நேராக வந்தாள். மேசையில் இருந்த பாட்டிலை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. நாலடி நடந்து வாழை மரத்தடியில் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

வெளியாட்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கலாம். நான் எழுந்து நின்று, வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இப்ப நீ செஞ்சதால அவரு குடிக்கிறது நின்னுடுச்சா?"

அவள் பாட்டில் மூடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னதுக்குச் சரிதான்னு ஒத்துக்கிட்டியே, அது பொய்யா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் வாங்கலன்னா இவரு கடைக்குப் போவாருன்னு நீதான சொன்ன? அப்ப ஒனக்கு என்னதான் வேணும்?"

மூன்றாவது கேள்வி. கற்றுக்கொடுத்த பாடம் பிசகவில்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று ஆம்பளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கொட்டகையில், என் தங்கையைப் பார்த்து நான் சொன்னேன், "அழுவுறது பதில் ஆகாது."

மாப்பிள்ளை சிரித்தார். சத்தமாகக்கூட இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கே அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிண்ணே. நீ ஜெயிச்சுட்ட" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

தீபாவளிக்கு வரவில்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வரவில்லை, சின்ன வயசில் அதற்காக ஒரு மாதம் முன்பே நாள் எண்ணுகிறவள். அப்பாவின் திதிக்கும் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் வழக்கப்படி நான்தான் கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்து, "வாங்கண்ணே, ஒக்காருங்க. காப்பி சாப்புடுறீங்களா?" என்பாள். முப்பது வருஷம் என்னை வா போ என்றவள். சீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், விழுந்து கும்பிடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியும். அந்த மரியாதைக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் பஸ் முழுக்க எனக்குக் கோபமாக வரும். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எதிர் சீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாம் போல இருக்கும். ஒவ்வொரு படியாக மறுபடி வாதத்தை ஓட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நானே ஜெயித்தேன்.

அவள் வராவிட்டாலும் அவள் புருஷன் வந்தார். ஒரு பண்டிகை விடாமல், தனியாக, சட்டைப் பொத்தான் தெறிக்கும் வயிற்றோடு. நானும் வாங்கி வைத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். வாங்கி வைத்தேன். காரணங்கள் மாறவில்லையே, நான் எப்படி மாறுவது? அவ்வளவு நேர்மை எனக்கு!

அந்த நாட்களில் பள்ளியில் என் அணியில் ஒரு பெண் இருந்தாள், ரொம்பக் கெட்டிக்காரி. பயிற்சியின்போது கேட்டாள், "சார், எதிர்ல பேசுறவங்க அழுதுட்டா நான் அடுத்து என்ன சொல்லணும்?" இருபது வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பதில் அன்று வரவில்லை. "ஒண்ணும் சொல்லாத. நிறுத்திட்டு ஒக்காந்துடு" என்றேன். "அப்ப தோத்துடுவோமே சார்" என்றாள். தோற்றால் தோற்றுப்போ என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போனாள். கரும்பலகை மூலையில் இருந்ததை அன்றைக்கு நானே அழித்தேன்.

மூன்றாவது வருஷத் தீபாவளி. கொட்டகையில் நானும் அவரும் மட்டும். இரண்டு டம்ளர் உள்ளே போனதும் அவருக்கு என் மேல் அன்பு பொங்கிவிட்டது.

"நீங்க ஒரு பெரிய உதவி பண்ணியிருக்கீங்க மச்சான். ஒங்களுக்கே தெரியாது."

"என்ன உதவி?"

"ஆரம்பத்துல எல்லாம் வீட்ல ஒரே ரோதன. குடிக்காத, குடிக்காதன்னு. ஒரு தடவ தெரியாம கை நீட்டிட்டேன். அண்ணன்ட்ட சொல்றேன்னு கெளம்பிட்டா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஒங்க அண்ணன் வாத்தியாரு, படிச்சவரு, அவரே எனக்கு ஊத்திக் குடுக்குறாரு, ஒனக்கு என்னடின்னேன். அவ்வளவுதான். வாய மூடிக்கிட்டா. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு அவளால பதில் சொல்ல முடியல."

பாராட்டாகத்தான் சொன்னார். இன்னொரு வறுத்த துண்டை எடுத்து முள் நீக்கிக்கொண்டிருந்தார்.

அடித்திருக்கிறான். என்னிடம் சொல்லக் கிளம்பியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லியே அவளை உட்காரவைத்திருக்கிறான். சமையலறையில் முகத்தைத் திருப்பாமல் அவள் கேட்டது இதுதான். புருஷன் குடியை நிறுத்து என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. நான் கேட்ட கேள்விகள் ஒன்றுகூட அவள் கேட்டதைப் பற்றியவை இல்லை. அடிபட்டதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். சொல்லாமலே அண்ணனுக்குப் புரியும் என்று நினைத்து வந்தவளிடம், நான் ஆதாரம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எழுந்தேன். பாட்டிலை எடுத்தேன். அதே வாழையடியில் கவிழ்த்தேன். அவர் கையில் இருந்த டம்ளரையும் பிடுங்கி ஊற்றினேன்.

"என்ன மச்சான்? ஏன்?" என்றார்.

எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி. அவரிடம் சொல்ல என்னிடம் நூறு காரணங்கள் இருந்தன, ஒன்றைக்கூட அவருக்குக் கொடுக்க மனசில்லை.

"எனக்குப் புடிக்கல. எந்திரிச்சுப் போங்க. இனிமே இந்த வீட்ல ஒங்களுக்குச் சோறு உண்டு, காப்பி உண்டு. இது கெடையாது. அவ மேல இன்னொரு தடவ கை பட்டுச்சுன்னா நான் அங்க வருவேன். பேசறதுக்கு வரமாட்டேன்."

இதெல்லாம் ஒரு காரணமா, நேற்று வரை கொடுத்தீர்களே, இன்றைக்கு மட்டும் என்ன என்று கேட்டார். வாதமாகப் பார்த்தால் அவர் கேட்டது ரொம்பச் சரி. வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே தங்கைக்குப் போன் செய்து, "இனிமே வாங்கி வைக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம், எங்கள் பக்கக் கடையில் குடித்துவிட்டு வண்டியில் திரும்பிய மாப்பிள்ளை, எல்லைக்கு முன்னால் வாய்க்கால் மதகில் மோதி விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. நல்லவேளை, வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார். ஆடிப்பெருக்கன்று சமையலறையில் நான் சொன்னபடியே நடந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியம் நெஞ்சுக்குள் எழும்பிக்கொண்டே இருந்தது. நான் அப்பவே சொன்னேன்ல. அதை அமுக்க அமுக்க மேலே வந்தது. இந்த நிலையிலும் ஜெயிக்கத் துடிக்கிற இந்தப் புத்தியை என்ன செய்வது என்று வண்டி ஓட்டிக்கொண்டே என்னை நானே வாய்விட்டுத் திட்டினேன். அதோடு பயமும் இருந்தது. நீ நிறுத்தினதால்தான் இவர் கடைக்குப் போனார் என்று அவள் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது.

வராந்தாவில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாண்ணே. சாப்டியா?" என்றாள்.

நல்லதாக எதையாவது சொல்ல வேண்டிய நேரத்தில், "நான் வாங்கி வச்சிருந்தா அவரு விழுந்திருக்கமாட்டாரு" என்று வாய் உளறியது.

"ஆமாண்ணே. நீ சொன்ன மாதிரிதான் ஆயிருக்கு" என்றாள். பிளாஸ்க் மூடியைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றினாள். "அவரா போனாரு, அவரா குடிச்சாரு, அவரா விழுந்தாரு. இதுல ஒன் கையி இல்ல. எனக்கு அது போதும்."

உள்ளே அவர் வலியில் முனகுவது கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பொங்கலுக்கு நீ சீரு தூக்கிக்கிட்டு வர வேணாம். நானே வர்றேன். ரெண்டு நாள் இருப்பேன். இவர இவுங்க அம்மா பாத்துக்கட்டும்" என்றாள்.

கால் உடைந்த புருஷனை விட்டுவிட்டா? மூன்று வருஷம் வராதவள் இப்போதா? ஏன் என்ற சொல் பல் வரை வந்துவிட்டது. காப்பியோடு சேர்த்து அதை விழுங்கினேன்.

"வாம்மா" என்றேன்.